இறக்கையில் அடிபட்ட போர்விமானம்

போர்விமானத்தின் இறக்கை ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. விமானத்தின் எடையைக் காற்றில் தாங்குகிறது. எரிபொருளில் பெரும்பங்கைத் தன் வயிற்றுக்குள் சுமக்கிறது. விமானத்தைச் சாய்க்கவும் மெதுவாகத் தரையிறக்கவும் உதவும் அசையும் பலகைகளைப் பின்விளிம்பில் ஏந்துகிறது. குண்டு பட்ட இடத்தில் இந்த மூன்றில் எது இருந்தது என்பதைப் பொறுத்தே விமானம் திரும்பி வருவதும் வராமல் போவதும் அமைகின்றன. ஓட்டை எவ்வளவு பெரியது என்பது அடுத்த கேள்விதான். விரல் நுழையும் அளவு ஓட்டையால் எரிந்து விழுந்த விமானங்கள் உண்டு. ஒரு பக்க இறக்கையே பறிபோன பிறகு ஓடுபாதையில் இறங்கிய விமானமும் உண்டு.

விமானம் போரில் தப்பிப் பிழைக்கும் திறனைப் பொறியாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அடி படுவதற்கான வாய்ப்பு ஒன்று. அடி பட்டால் வீழ்வதற்கான வாய்ப்பு மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதே விமானத்தை இழக்கும் வாய்ப்பு. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் பால் 1985-இல் வெளியிட்ட பாடநூல் இந்தப் பிரிவை ஒரு தனித் துறையாகவே நிலைநாட்டியது. கணக்கு எளிது, அதன்படி விமானம் கட்டுவது எளிதன்று. அடியைத் தாங்கும்படி இறக்கையைத் தடிப்பாக்கி, தொட்டிக்கு ரப்பர் உறை போட்டால் எடை கூடும்; எடை கூடினால் விமானம் மெதுவாகத் திரும்பும், ஆகவே அடி படும் வாய்ப்பு ஏறும். எடையைக் குறைத்தால் எதிரியின் குறியில் சிக்காமல் வளைந்து போகலாம், ஆனால் பட்ட முதல் அடியே கடைசி அடியாகிவிடும். இந்த இருமுனைச் சிக்கலின் இரண்டு பக்கங்களும் 1941 டிசம்பரில் மலாயா வானத்தில் நேருக்கு நேர் மோதின.

கோலாலம்பூர் வானில் இரண்டு இறக்கைகள்

கோலாலம்பூரின் விமானத்தளம் அப்போது சுங்கை பீசியில் இருந்தது. இன்றைய பிரிக்பீல்ட்ஸிலிருந்தும், அந்நாளில் ரப்பர் தோட்டமாக இருந்த பங்சாரிலிருந்தும் சில கிலோமீட்டர் தூரம்தான். வடக்கே அலோர் ஸ்டார், பட்டர்வொர்த், ஈப்போ தளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்ட பிறகு, ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆம் அணி அமெரிக்காவில் செய்யப்பட்ட புருஸ்டர் பஃபலோ விமானங்களுடன் சுங்கை பீசியிலிருந்து பறந்தது. எதிரே வந்தது ஜப்பானிய ராணுவத்தின் 64-ஆம் படைப்பிரிவு. அதன் தலைவர் தாத்தேயோ காத்தோ. அது ஓட்டிய விமானம் நகாஜிமா கி-43. ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர் ஹயபுசா.

இரண்டு விமானங்களின் எஞ்சினும் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன் கொண்டவை. ஆனால் பஃபலோவின் எடை மூன்று டன், ஹயபுசாவின் எடை இரண்டு டன்னை ஒட்டியே இருந்தது. இறக்கைப் பரப்போ தலைகீழ்: ஹயபுசாவுக்கு 22 சதுர மீட்டர், பஃபலோவுக்கு 19 சதுர மீட்டர் சொச்சம். ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் தூக்க வேண்டிய சுமை ஹயபுசாவில் அவ்வளவு குறைவாக இருந்ததால் அது சிறிய வட்டத்தில் திரும்பியது. பஃபலோக்காரர்களும் தங்கள் விமானத்தை இளைக்க வைக்கப் பார்த்தார்கள். கனமான துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுச் சிறியவற்றைப் பொருத்தினார்கள்; எரிபொருளைக் குறைத்து ஏற்றினார்கள். அந்த ஒரு டன் இடைவெளியை அப்படி நிரப்ப முடியவில்லை.

ஹயபுசாவின் இலேசான உடலுக்கு விலை ஒன்று இருந்தது, அதை இறக்கைதான் கொடுத்தது. போர் தொடங்கும் முன்பே, பயிற்சியில் செங்குத்தாகப் பாய்ந்து நிமிரும்போது இறக்கைத் தகடுகள் சுருங்கி மடிந்தன. அவசரமாக வலுவூட்டித்தான் படைக்கு அனுப்பினார்கள். அந்த வலுவூட்டல் போதவில்லை என்பதைக் காட்டியது டிசம்பர் 22. அன்று கோலாலம்பூர் மேலே 453-ஆம் அணியும் 64-ஆம் பிரிவும் மோதிய பெரிய சண்டையில் பஃபலோக்கள் பலத்த அடி வாங்கின. ஆனால் ஜப்பானியர் இழந்த ஹயபுசா ஒன்று, வேகமான பாய்ச்சலின்போது தன் இறக்கை முறிந்தே வீழ்ந்தது என்று போர் வரலாறுகள் பதிவு செய்கின்றன. தளத்துக்குத் திரும்பிய மற்ற ஹயபுசாக்களைச் சோதித்தபோது பலவற்றின் இறக்கைகளில் விரிசல் தென்பட்டது. வென்ற தரப்பின் விமானங்கள் தம் சொந்த வேகத்தாலேயே காயப்பட்டிருந்தன.

பஃபலோவின் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. அதன் முக்கிய எரிபொருள் தொட்டிகள் தனியாகச் செய்து உள்ளே வைக்கப்பட்டவை அல்ல. இறக்கையின் நடுவே ஓடும் பெட்டிபோன்ற உத்திரமே தொட்டியாகவும் இருந்தது. எடை மிச்சம்தான், ஆனால் உத்திரத்தில் பட்ட குண்டு தொட்டியிலும் பட்ட குண்டாகிவிடும். அந்தப் பெட்டிக்கு உள்ளே ரப்பர் உறை போடவும் வழி இல்லை. டிசம்பர் 13-ஆம் தேதி பினாங்கு வானில் 453-ஆம் அணியின் தலைவர் டிம் விகர்ஸ் ஓட்டிய பஃபலோவில், அவர் காலடியில் இருந்த தொட்டியில் குண்டு பட்டுத் தீப்பிடித்தது. கடும் தீக்காயங்களுடன் பாராசூட்டில் குதித்து உயிர்தப்பினார்.

கோலாலம்பூர் சண்டைக்குப் பிறகு 453-ஆம் அணியில் பறக்கும் நிலையில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவே. சுட்டு வீழ்த்தப்பட்டவற்றைப் போலவே, ஓட்டைகளோடு திரும்பி வந்து பட்டறையில் நின்றுவிட்டவையும் அந்தக் குறைவுக்குக் காரணம். அணி சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது.

உத்திரமும் தகடும்

இறக்கையின் உள்ளே விமான உடலிலிருந்து நுனிவரை ஓடும் முக்கிய உத்திரத்துக்கு ஸ்பார் என்று பெயர். அதற்குக் குறுக்கே விலா எலும்புகளைப் போல அடுக்கியவை ரிப். இவற்றின் மேல் போர்த்தியது தகடு. பழைய துணி போர்த்திய விமானங்களில் சுமை முழுவதையும் உத்திரமே தாங்கியது. துணி வெறும் உறை. அதில் பட்ட குண்டு ஓர் ஓட்டையோடு போய்விடும், பசையும் துணியும் இருந்தால் மறுநாள் பறக்கலாம். 1930-களிலிருந்து உலோகத் தகடே சுமையில் பங்கு எடுக்கத் தொடங்கியது. இறக்கை இலேசாகவும் மெல்லியதாகவும் ஆனது. அத்துடன் தகட்டில் விழும் ஓட்டை வெறும் ஓட்டையாக இராமல் தாங்கும் உறுப்பின் காயமாகவும் ஆனது.

சுமை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நுனியில் வளைவு விசை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உடலை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே வந்து வேரில் உச்சம் தொடுகிறது. இரண்டு டன் விமானம் புவியீர்ப்பைப் போல் ஆறு மடங்கு விசையில் திரும்பினால் இரு இறக்கைகளும் சேர்ந்து பன்னிரண்டு டன்னைத் தூக்குகின்றன, அந்தச் சுமையெல்லாம் வேர்வழியாகத்தான் உடலுக்கு வருகிறது. ஆகவே நுனியில் ஒரு மீட்டர் பறிபோனாலும் பிழைக்கும் விமானம், வேரருகே உத்திரத்தில் பட்ட ஒரே பீரங்கிக் குண்டால் முறியலாம்.

மேலும் கீழும் ஒன்றல்ல. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் மேல்தகடு நெருக்கப்படுகிறது, கீழ்த்தகடு இழுக்கப்படுகிறது. நெருக்கப்படும் தகடு அடிபட்டால் மடியும், சுருங்கும். இழுக்கப்படும் தகட்டில் விழுந்த கீறலோ பிளந்துகொண்டே ஓடும். இழுவிசைக்கு உட்பட்ட தகட்டில் வட்டமான ஓட்டை இருந்தால் அதன் விளிம்பில் விசை மூன்று மடங்காகும். ஓட்டையின் ஓரம் கிழிந்து கூராக இருந்தால் இன்னும் அதிகம். தரையிலிருந்து சுடும் துப்பாக்கிகள் பெரும்பாலும் கீழ்த்தகட்டைத்தான் துளைக்கின்றன என்பது பறப்பவர்களுக்கு நல்ல செய்தியன்று. இறக்கையில் அடிபட்ட விமானத்தை வளைத்துத் திருப்பக்கூடாது, வேகத்தையும் திருப்பத்தையும் மட்டுப்படுத்தியே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி இதிலிருந்து வருகிறது. துரத்தும் எதிரி அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

பொறியாளர்களின் பதில், சுமைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை அமைப்பது. ஒரே உத்திரத்தை நம்பாமல் மூன்று, நான்கு உத்திரங்களைப் போட்டால் ஒன்று அறுந்தாலும் மற்றவை பாரத்தை ஏற்கும். தரைப்படைக்கு உதவவென்றே கட்டப்பட்ட அமெரிக்க ஏ-10 விமானத்துக்கு மூன்று உத்திரங்கள். பிரிட்டனின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் இந்த எண்ணத்தை வேறொரு வழியில் கடைசிவரை கொண்டுபோனது. பார்ன்ஸ் வாலிஸ் அதன் உடலையும் இறக்கையையும் கூடை முடைவதுபோல் பின்னலாகவே அமைத்தார். பின்னலில் பல இழைகள் அறுந்த பிறகும் அது உருக்குலையாமல் பறந்தது.

எதிரியின் குண்டு இல்லாமலும் இறக்கை காயப்படும் என்பதை ஹயபுசாவின் விரிசல்கள் மட்டும் காட்டவில்லை. மரத்தால் செய்த பிரிட்டிஷ் மஸ்கீட்டோ விமானங்கள் 1944 கடைசியில் இந்தியாவில் இருந்தபோது அவற்றின் ஒட்டுகள் பலவீனப்பட்டன. சில வானிலேயே சிதறியதால் அந்த விமானங்கள் பறப்பதையே சிறிது காலம் நிறுத்த வேண்டியிருந்தது. கோலாலம்பூர் சண்டை நடந்து சரியாக 28 ஆண்டுகள் கழித்து, 1969 டிசம்பர் 22 அன்று, நெவாடாவில் பயிற்சியில் இருந்த எஃப்-111 விமானம் ஒன்றின் இறக்கை கழன்று விழுந்தது. இறக்கையைத் தாங்கும் எஃகுக் கீலில், காய்ச்சி அடித்து உருவாக்கும்போதே ஒரு குறை மறைந்திருந்தது. விமானம் அதுவரை பறந்தது சுமார் 100 மணி நேரம்தான். ஒவ்வொரு உறுப்பிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க விமானப்படை அதற்குப் பிறகுதான் கட்டாயமாக்கியது. போர்க்காயத்தைத் தாங்கும் திறனுக்கும் இந்த விதி மறைமுகமாக உதவியது. விரிசல் ஓடாமல் தடுக்கும் இறக்கை குண்டு கிழித்த கிழிசலையும் ஓடவிடாது.

இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள்

இறக்கையில் அடிபட்டு வீழ்ந்த விமானங்களில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது தீ. உத்திரம் முறிந்து விழுந்தவை குறைவு. இறக்கையைத் தொட்டியாக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு: எரிபொருளின் எடை இறக்கையிலேயே இருந்தால் அது தூக்குவிசைக்கு எதிராக நின்று வேரில் விழும் வளைவைக் குறைக்கிறது. ஆனால் விமானத்தின் மிக அகலமான இலக்கும் அதே இறக்கைதான்.

இதைக் கடைசிவரை கொண்டுபோன விமானம் ஜப்பானியக் கடற்படையின் மித்சுபிஷி ஜி4எம். அதன் இறக்கைகள் முழுக்க எரிபொருள், உறையோ காப்போ இல்லை. அதனால் மிக நீண்ட தூரம் பறந்தது. 1941 டிசம்பர் 10 அன்று இந்தோசீனாவிலிருந்து புறப்பட்டு குவாந்தான் கடலுக்கு வந்து, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்த படையில் அதுவும் இருந்தது. அன்று தாக்கிய 85 விமானங்களில் சுட்டு வீழ்த்தப்பட்டவை மூன்றே. தாக்குதல் முடியும்வரை வானில் பிரிட்டிஷ் தரப்புப் போர்விமானம் ஒன்றுகூட வராத அந்த நாளில் காப்பில்லாத இறக்கை ஒரு குறையாகவே தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து குவாடல்கனால் கடலில் அமெரிக்கக் கப்பல்களைத் தாழ்வாகப் பறந்து தாக்கியபோது, வந்த ஜி4எம் விமானங்களில் பெரும்பாலானவை எரிந்து கடலில் விழுந்தன. அமெரிக்கர்கள் அதை சிகரெட் லைட்டர் என்று கேலி செய்தார்கள். இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே இறக்கை மாறவில்லை, அடி படும் வாய்ப்புதான் மாறியது. பெருக்கல் கணக்கின் ஒரு எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்வரை மற்றொன்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

64-ஆம் பிரிவின் காத்தோவுக்கும் அதுவே நேர்ந்தது. 1942 மே 22 அன்று வங்கக் கடலுக்கு மேலே தனியாக வந்த ஒரு பிளெனிம் குண்டுவீச்சு விமானத்தை அவரும் துணைவர்களும் துரத்தினார்கள். பிளெனிமின் பின் துப்பாக்கிக்காரர் சுட்டதில் ஹயபுசா தீப்பற்ற, காத்தோ கடலில் பாய்ந்து மாண்டார். பின்னால் வந்த கி-43 இரண்டாம் வகையில் இறக்கை நுனிகள் வெட்டப்பட்டு அமைப்பு வலுவாக்கப்பட்டது, தொட்டிகளுக்கு ரப்பர் உறை வந்தது, விமானியின் முதுகுக்குப் பின் எஃகுத் தகடு நின்றது. எடை கூடியது.

தானே அடைத்துக்கொள்ளும் தொட்டியின் வேலை எளிமையானது. தொட்டியைச் சுற்றி இரண்டு வகை ரப்பர். உள்ளே இருப்பது பக்குவம் செய்யாத ரப்பர். குண்டு துளைத்துப் போனதும் கசியும் எரிபொருள் பட்டு அது ஊதிப் பெருகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். உலக ரப்பர் உற்பத்தியில் முன்னணியில் இருந்த மலாயாவின் மேலே பறந்த விமானங்கள் பலவற்றின் தொட்டிகளில் அந்த ரப்பர் இல்லாமல் இருந்ததை வரலாற்றின் குசும்பு என்றுதான் சொல்ல வேண்டும். துப்பாக்கிக் குண்டின் ஓட்டைக்கு இந்த உறை போதும். பீரங்கிக் குண்டின் கிழிசலை அது அடைக்காது.

நிறைந்த தொட்டிக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. திரவத்துக்குள் வேகமாக நுழையும் குண்டு தன் ஆற்றலை அழுத்த அலையாகக் கக்குகிறது. திரவம் அழுந்தாது; ஆகவே அலை சுவரை உதைத்து, நுழைந்த ஓட்டையைவிடப் பல மடங்கு பெரிதாகத் தகட்டைப் பிய்த்துவிடும். காலித் தொட்டியில் இது நேராது. ஆனால் பாதி காலியான தொட்டியில் மிஞ்சிய இடத்தை எரிபொருளின் ஆவியும் காற்றும் நிரப்பியிருக்கும். ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆக, நிறைந்த தொட்டி கிழிகிறது, குறைந்த தொட்டி வெடிக்கிறது.

இரண்டாவது ஆபத்துக்கு மருந்து பல வந்துவிட்டன. தொட்டிக்குள் துளைகள் நிறைந்த நுரைப் பஞ்சை அடைத்தால் தீ பரவாமல் தடுபடும். ஆவி இருக்கும் இடத்தில் நைட்ரஜன் போன்ற தீப்பிடிக்காத வாயுவை நிரப்பலாம். எரிபொருளையே மாற்றியதும் பெரிய உதவி: மலாயாவில் பறந்தது பெட்ரோல், அது எந்தக் குளிரிலும் ஆவியாகும். இன்றைய ராணுவ ஜெட் விமானங்கள் எரிப்பது மண்ணெண்ணெய் வகை. அதன் ஆவி பற்றிக்கொள்ள ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நிலநடுக்கோட்டு வெயிலில் ஓடுபாதை ஓரம் நிற்கும் விமானத்தின் இறக்கை அந்த வெப்பத்தைத் தொட்டுவிடக்கூடும் என்பதால், குளிர்நாட்டில் கிடைக்கும் பாதுகாப்பு முழுவதும் மலேசியாவில் கிடைக்காது.

2003 நவம்பர் 22 அன்று பாக்தாத்திலிருந்து கிளம்பிய ஏ300 சரக்கு விமானம் ஒன்றின் இடது இறக்கையைத் தோளில் வைத்து ஏவும் ஏவுகணை தாக்கியது. அது பயணிகள் விமானமாக வடிவமைக்கப்பட்டது, போர்க்காப்பு எதுவும் கிடையாது. இறக்கை பின்விளிம்பு எரிந்தது, உத்திரம் தீயில் வெந்தது. ஆனாலும் வெடிக்கவில்லை. அடிபட்ட வெளித்தொட்டி நிறைந்திருந்ததால் உள்ளே வெடிக்கத்தக்க ஆவி இல்லை என்பதே ஆய்வாளர் சொல்லும் காரணம். புறப்பட்டுச் சில நிமிடங்களில் அடிபட்டதால் பிழைத்தது. பயணத்தின் முடிவில், தொட்டி குறைந்திருந்தபோது பட்டிருந்தால் கதை வேறு.

வால்டின் கணக்கு

திரும்பி வந்த விமானங்களின் இறக்கைகளில் நிறைய ஓட்டைகள் இருந்தால் இறக்கைக்குக் கவசம் போட வேண்டுமா? இரண்டாம் உலகப் போரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்ட் 1943-இல் இதற்கு எழுதிய குறிப்புகள் இத்துறையின் அடித்தளம். வீழ்ந்த விமானங்கள் சோதனைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே திரும்பியவற்றில் ஓட்டை எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே பட்டவைதான் திரும்பாமல் போனவை என்பது அவர் காட்டிய வழி. சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் ஒன்று இதற்கு விளக்கமாக எங்கும் சுற்றிவருகிறது. அது வால்ட் வரைந்தது அன்று, பிற்காலத்தது. அவர் எழுதியது படமில்லாத கடுமையான கணிதம்.

அவரே எடுத்துக்கொண்ட கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. திரும்பியவற்றில் 320-இல் ஓர் அடியும் இல்லை. 32-இல் ஓர் அடி, 20-இல் இரண்டு, 4-இல் மூன்று, 2-இல் நான்கு, 2-இல் ஐந்து. காணாமல் போன 20-உம் அடிபட்டே வீழ்ந்தன என்று வைத்துக்கொண்டால், ஓர் அடியைத் தாங்கிப் பிழைக்கும் வாய்ப்பு 85 சதவீதம் என்று கணக்கு வருகிறது. அடுத்து அவர் விமானத்தை எஞ்சின், உடல், எரிபொருள் அமைப்பு, மற்றவை என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் அதில் விழுந்த அடிகளின் பங்கையும் ஒப்பிட்டார். எஞ்சினில் பட்ட அடியைத் தாங்கும் வாய்ப்பு 61 சதவீதம், எரிபொருள் அமைப்பில் 85, உடலில் 95, மற்றவற்றில் 98.

எண்கள் கற்பனைதான், ஆனால் இறக்கையைப் பற்றிய கேள்விக்கு இந்தப் பிரிப்பு முறையே பாதி விடை. வால்ட் இறக்கையை ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. இறக்கையில் தொட்டி உள்ள இடம் ஒரு கணக்கில் போகிறது, வெறும் தகடு உள்ள இடம் வேறு கணக்கில் போகிறது. இறக்கையில் அடிபட்டது என்ற ஒற்றைச் சொல்லால் விமானம் பிழைக்குமா என்று எதையும் கணிக்க முடியாது.

போருக்குப் பிறகு இந்திய அரசின் அழைப்பில் விரிவுரை ஆற்ற வந்த வால்ட், 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியா டகோட்டா விமானம் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் மோதியதில் மனைவியோடு மாண்டார். அந்தக் குறிப்புகள் பல ஆண்டுகள் ராணுவக் கோப்புகளில் கிடந்து 1980-இல்தான் தொகுத்து வெளியிடப்பட்டன.

ஒரு பக்கம் குறையும்போது

முறியாமலும் எரியாமலும் தப்பிய இறக்கைக்கு அடுத்த கேள்வி கட்டுப்பாடு. ஒரு பக்கத் தகடு கிழிந்தால் அந்தப் பக்கம் தூக்குவிசை குறைகிறது, காற்றுத் தடை கூடுகிறது. விமானம் அடிபட்ட பக்கம் சாயவும் திரும்பவும் பார்க்கிறது. மறுபக்கத்துப் பின்விளிம்புப் பலகையான எய்லரானை அசைத்து விமானி அதைச் சமன் செய்கிறார். வேகமாகப் பறக்கும்வரை இது முடியும். வேகம் குறையக் குறைய அதே சமனுக்குப் பலகையை இன்னும் அதிகமாக அசைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் பலகை எல்லையைத் தொட்டுவிடும். அதற்குக் கீழே வேகம் போனால் விமானம் புரளும். அடிபட்ட இறக்கை முன்கூட்டியே காற்றின் பிடியை இழந்து ஸ்டால் ஆகவும் கூடும்.

அடிபட்ட விமானங்களில் ஒரு பகுதி எதிரியை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, சொந்த ஓடுபாதைக்கு மேலேயே வீழ்வதற்கு இதுதான் காரணம். ஆகவே தரையிறங்கும் முன், போதிய உயரத்தில் இருக்கும்போதே சக்கரங்களை இறக்கி, மெதுவாகத் தரையிறங்க உதவும் ஃபிளாப் பலகைகளைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, எந்த வேகத்தில் கட்டுப்பாடு தளர்கிறது என்று பார்த்துக்கொள்ளும் முறை விமானப்படைகளில் வழக்கமாகிவிட்டது. ஃபிளாப் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காமல் நின்றால் ஆபத்து இரட்டிப்பாகும். பெரும்பாலும் ஃபிளாப்பைத் தொடாமல், வேகமாகவே இறங்குவது நல்லது என்று முடிவாகும்.

அதன் உச்ச உதாரணம் 1983 மே 1 அன்று நெகெவ் பாலைவனத்தின் மேலே நடந்தது. பயிற்சியில் இஸ்ரேலிய எஃப்-15 ஒன்று ஏ-4 ஒன்றோடு மோதி, வலது இறக்கை வேரருகிலேயே அறுந்து போனது. பீறிட்ட எரிபொருள் ஆவியாகி மறைத்ததால் இறக்கை இல்லை என்பதே விமானி ஸிவி நெதீவிக்குத் தெரியவில்லை. எஞ்சினை முழு வலிமைக்கு ஏற்றியதும் புரள்வது நின்றது. மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில், வழக்கத்தைப் போல் இருமடங்கில், தரையிறங்கினார். புது இறக்கை பொருத்திய பிறகு அதே விமானம் மீண்டும் பறந்தது. எஃப்-15-இன் அகன்ற உடலே தூக்குவிசையில் நல்ல பங்கைத் தருகிறது. அதன் வால் பலகைகள் இரண்டும் தனித்தனியே அசைந்து சாய்வையும் கட்டுப்படுத்துகின்றன. எஞ்சின் வலிமை மிச்சம் இருந்தது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நடந்திராது. ஹயபுசாவுக்கோ பஃபலோவுக்கோ இம்மூன்றுமே கிடையாது.

பழைய விமானங்களில் பலகைகளை இழுத்தவை எஃகுக் கயிறுகள். ஒன்று அறுந்தால் ஒன்று போகும். ஜெட் காலத்தில் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்கள் வந்தபோது, ஓரிடத்தில் கசிந்தால் முழு அமைப்பும் செத்துவிடும் நிலை வந்தது. வியட்நாம் போரில் எஃப்-105 விமானங்களை இழந்ததில் இதற்குப் பங்கு உண்டு. இரட்டைக் குழாய்கள் இருந்தும் அருகருகே ஓடியதால் ஒரே அடி இரண்டையும் அறுத்தது. பாக்தாத் ஏ300-இன் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் இறக்கையில் பட்ட ஓர் அடியில் வற்றிப்போயின. இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானக் குழுவினர் மூவரும் அதைத் தரையிறக்கினார்கள்.

எஞ்சினை இறக்கையில் வைப்பதும் இந்தக் கணக்கில் சேரும், வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணை அங்கேதான் வரும். கார்கில் போரின் தொடக்கத்தில், 1999 மே 21 அன்று, படம் பிடிக்கப் போன இந்திய விமானப்படையின் கான்பெரா ஒன்றின் எஞ்சினை ஏவுகணை தாக்கியது. கான்பெராவின் இரு எஞ்சின்களும் இறக்கைக்குள்ளேயே, உடலிலிருந்து தள்ளிப் பதிக்கப்பட்டவை. அந்த இடைவெளியால் மற்ற எஞ்சின் தப்பியது, அதை வைத்தே விமானம் திரும்பியது. எஞ்சின்களை அருகருகே வைத்த வடிவங்களுக்கு இந்த நன்மை இல்லை. ஆனால் ஒரு பக்க எஞ்சின் நின்றால் விமானம் திரும்பும் தொல்லையும் அவற்றுக்கு இல்லை.

இன்றைய போர்விமானங்களில் பலகைகளை அசைப்பது கணினி. மலேசிய விமானப்படையின் சுகோய்-30எம்கேஎம் விமானத்தில் முன்சிறகு, வால், எஞ்சின் புகைபோக்கி ஆகிய எல்லாமே திசை மாற்றக்கூடியவை. ஒன்று போனால் மற்றவற்றைக் கொண்டு ஈடுசெய்யக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியும். 2008-இல் அமெரிக்காவில் ஆளில்லாச் சிறு மாதிரி விமானம் ஒன்றின் வலது இறக்கையில் 60 சதவீதத்தைப் பறக்கும்போதே கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கணினி தானே சமாளித்து அதைத் தரையிறக்கியது.

திரும்பிய பிறகு

திரும்பி வந்த விமானம் நாளை பறக்குமா என்பதும் இதே கேள்வியின் பகுதிதான். உலோக இறக்கையில் கிழிந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்து, விரிசலின் முனையில் துளையிட்டு அது ஓடாமல் நிறுத்தி, மேலே ஒரு தகட்டை வைத்து ஆணி அடித்துவிடலாம். போர்க்களப் பழுதுபார்ப்பு அழகு பார்ப்பதில்லை. ஒரு சில பயணங்களுக்குத் தாங்கினால் போதும் என்ற அளவில் செய்து, விமானத்தின் வேகத்துக்கும் திருப்பத்துக்கும் வரம்பு எழுதிவைப்பார்கள்.

கார்பன் இழை இறக்கைகள் வந்த பிறகு இந்த வேலை கடினமாகிவிட்டது. சூலூர் தளத்திலிருந்து பறக்கும் இந்தியாவின் தேஜஸ் விமானத்தின் இறக்கையும், சுபாங் தளத்தில் மலேசிய விமானப்படை வைத்திருக்கும் நான்கு ஏ400எம் விமானங்களின் இறக்கையில் பெரும்பகுதியும் அந்த வகை. இவை துருப்பிடிப்பதில்லை, உலோகத்தைப்போல் களைத்து விரிசல் விடுவதும் குறைவு. ஆனால் உலோகம் அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். இழை அடுக்குகளோ வெளியே சிறு தடம் மட்டும் தெரிய, உள்ளே ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடும். துளைத்துப் போன குண்டு, நுழைந்த பக்கத்தைவிட வெளியேறிய பக்கத்தில் அதிக அடுக்குகளைப் பிய்க்கிறது. காயம் எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய நாணயத்தால் தட்டி ஓசை கேட்பதிலிருந்து மீயொலிக் கருவிவரை பயன்படுத்துகிறார்கள். பிறகு அடுக்கடுக்காகச் சரிவாகச் சீவி எடுத்து, அதே திசையில் புது இழைகளை வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்ட வேண்டும். ஈரம் உள்ளே இருந்தால் ஒட்டு பிடிக்காது, அதனால் ஒட்டுவதற்கு முன் இறக்கையை உலர்த்த வேண்டும். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த உலர்த்தலுக்கே தனி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். அவசரமாகப் பறக்க வேண்டிய விமானத்துக்குக் கார்பன் இறக்கையின் மேலேயே டைட்டேனியம் தகட்டைத் திருகி முடுக்கிவிடும் முறையும் உண்டு. அலுமினியத் தகடு ஆகாது, கார்பனைத் தொட்டால் அது அரித்துப்போகும்.